போர்வையை மட்டுமே கண்டேன்

ஈராயிரத்து ஒன்பதாம் ஆண்டு ஆடி மாதத்தில் என் குருதி அழுத்தம் மருத்துவர் வகுத்த எல்லையைத் தாண்டியது. மாத்திரையைக் கூட்டுவதற்குமுன் இதற்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்று அவர் ஒரு துண்டறிக்கையை நீட்டினார். இலண்டனில் வால்தம்ஸ்டோ நூலகத்தின் மேல்மாடியில் புதன்கிழமைதோறும் காலை பத்து மணிக்கு அமர்வு. ஆங்கிலத்தில் மைண்ட்ஃபுல்னஸ் என்று வழங்கும் அப்பயிற்சிக்கு, வீடு திரும்பும் பேருந்திலேயே உள்விழிப்பு என்று பெயர் சூட்டிவிட்டேன். பெயர் சூட்டியபின் போகாமலிருக்க மனம் வரவில்லை.

“சும்மா இருக்கிறதுக்கு ஒரு வகுப்பே?” என்றாள் மனைவி. “அதைத்தானே வீட்டில நீங்கள் நாள் முழுக்கச் செய்யிறியள்.”

துண்டறிக்கையின் இரண்டாம் வரியை நான் படித்திருக்கவில்லை. நிறவேற்றுமையைத் தம்முள்ளிருந்து களைய விரும்பும் அயலவர்க்கான பயிற்சி என்பதை அங்கே போய் அமர்ந்தபின்புதான் அறிந்தேன். இது வெள்ளையர்க்கு உரிய மருந்து, நான் அதன் நறுமணத்தை மட்டும் நுகர்ந்துவிட்டுப் போகலாம் என்று எண்ணிக்கொண்டேன்.

பன்னிரண்டு பேர் இருந்தோம். நடத்தியவர் கரீபியன் தீவொன்றில் பிறந்து, இலண்டன் மருத்துவமனைகளில் செவிலியராகப் பணியாற்றி ஓய்வு பெற்ற அம்மையார். அங்கு ஆங்கிலத்தில் நிகழ்ந்த பேச்சை என் தமிழில் தருகிறேன். முதல்நாளே அவர் சொன்னார்: “வலியால் கத்துகிற நோயாளி வெள்ளையராயிருந்தால் ‘வலி மிகுதி’ என்று குறிப்பெழுதுவோம். கறுப்பராயிருந்தால் ‘தொல்லை தருகிறார்’ என்று எழுதுவோம். எழுதும் கை கெட்ட கை அன்று, அவசரக் கை. நானும் அப்படி எழுதியிருக்கிறேன். அந்தக் கையை ஒரு மூச்சளவு தாமதப்படுத்தத்தான் இந்த உட்காருதல்.”

அரைமணி நேரம் கண்மூடி மூச்சைக் கவனிப்போம். பிறகு ஒவ்வொருவரும் அந்த வாரத்தில் மனத்தைத் தைத்த நிகழ்ச்சி ஒன்றைச் சொல்ல, அம்மையார் மூன்று கேள்விகள் கேட்பார். உடல் என்ன உணர்ந்தது? கண்ணும் காதும் எதைப் பெற்றன? மனம் எதைச் சேர்த்தது? இவ்வளவுதான்.

ஓய்வு பெற்ற இருப்புப்பாதைத் தொழிலாளி ஒருவர், வெள்ளையர், ஒருநாள் சொன்னார்: “பேருந்தில் ஆசியர் மூவர் உரத்துச் சண்டை போட்டார்கள். என் தாடை இறுகிவிட்டது.” சண்டை என்பதைக் காது பெற்றதா, மனம் சேர்த்ததா என்று அம்மையார் கேட்டார்.

“எந்த மொழி?” என்று நான் குறுக்கிட்டேன்.

“தெரியாது. ஒரே உருட்டல்.”

“என் மொழியாகத்தான் இருக்கும். முருங்கைக்காய் முற்றலா பிஞ்சா என்று பேசியிருப்பார்கள்.”

அவர் முதலில் சிவந்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் எனக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. எழுபதைக் கடந்தவன், நாற்பதாண்டு ஏட்டுச்சுவடிகளோடு காலம் கழித்தவன், புதன்கிழமைகளில் பள்ளிப்பிள்ளையைப்போல் அரைமணி நேரம் முன்னதாகவே போய் நூலக வாயிலில் நின்றேன்.

என் பணி சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பது. மூலம் எது, பின்னால் வந்தவர் செருகியது எது என்று பிரித்தெடுப்பதே என் பிழைப்பாக இருந்தது. அம்மையாரின் மூன்றாம் கேள்வியும் அதுவேயன்றோ? இவ்வளவு பொருத்தத்தைக் கண்டும், நான் என்னை ஒரு சுவடியாக எண்ணிப் பார்த்ததில்லை.

இனி விளக்கின் கதை.

எங்கள் தமிழ்ப்பள்ளி சனிக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடந்தது. நான் அதன் தலைவர். மண்டபக் காப்பாளர் ஐம்பது வயதைக் கடந்த கறுப்பினத்தவர், இலண்டனிலேயே பிறந்தவர், நெடிய உருவம். நாங்கள் வருமுன்பே நாற்காலிகளை வரிசையிட்டிருப்பார். என்னைக் கண்டால் “வணக்கம், புரொபெசர்” என்பார். அந்த ‘வணக்கம்’ பிள்ளைகளிடம் கற்றது. பள்ளிக்குச் சொந்தமாக ஆளுயரத்தில் முக்காலளவு வரும் பித்தளைக் குத்துவிளக்கு ஒன்று உண்டு. மண்டபத்தின் பின்னறை அலுமாரியில் நிற்கும்.

ஆவணிக் கடைசியில் ஒரு சனிக்கிழமை, மாலை ஐந்து மணி. மழை தூறிக்கொண்டிருந்தது. மண்டபத்துக்கு எதிரே பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றேன். காப்பாளர் தலையில் முக்காடிட்டுப் பக்கவாயிலால் வெளியே வந்தார். சாம்பல்நிறப் போர்வையால் சுற்றிய நெடிய பொருள் ஒன்றை அணைத்துத் தூக்கிச் சென்று தம் சிற்றூர்தியில் ஏற்றினார். போய்விட்டார். நானும் பேருந்தில் ஏறிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அலுமாரியில் விளக்கு இல்லை.

செயலாளர் ஈஸ்ட் ஹாமில் மளிகைக்கடை வைத்திருப்பவர், ஜெர்மனியிலிருந்து வந்து குடியேறியவர், பள்ளிக்காக உடலை வருத்துபவர். நான் கண்டதைச் சொன்னதும் அவர் முகம் சிவந்தது.

“அவன்தான் ஐயா. வேற ஆர்? நான் அப்பவே சொன்னனான்.” இவ்வாறு தொடங்கி, கறுப்பினத்தவரைக் குறிக்க நம்மவர் சிலர் வாயில் புழங்கும் அந்த இழிசொல்லையும் சொன்னார். அதை இங்கே எழுதமாட்டேன். அவரைக் கடிந்துகொண்டேன். அச்சொல் என் நாவில் ஒருநாளும் வந்ததில்லை, அதில் எனக்குப் பெருமையும் இருந்தது.

“சரி ஐயா, நான் அப்பிடிச் சொல்லேல்லை. நீங்கள் கமிற்றிக்கு ஒரு கடிதம் எழுதித் தாங்கோ. உங்கட இங்கிலீசுக்கு அவங்கள் எழும்பி நிப்பாங்கள்.”

எழுதினேன். அழகான ஆங்கிலம். ‘எங்கள் வழிபாட்டுக்குரிய விளக்கைப் போர்வையில் மறைத்து அவர் எடுத்துச் சென்றதை என் கண்களாலேயே கண்டேன்’ என்பது அதன் நடுநாயகமான வரி. அவ்வரியை மூன்று முறை செதுக்கினேன். மண்டபக்குழு காப்பாளரை உடனே வேலையிலிருந்து நிறுத்திவைத்து, மூன்று வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை விசாரணை என்று அறிவித்தது. குற்றம் உறுதியானால் வேலை போகும். இந்த நகரில் திருடன் என்று எழுதப்பட்ட ஐம்பது வயதுக்காரருக்குத் திறவுகோலை நம்பிக் கொடுக்க வேறு மண்டபம் இருக்காது. செய்தி தாய்மாரிடையே தமிழில் பரவியது. பரப்பியதில் எனக்கும் பங்குண்டு.

விசாரணைக்கு முந்திய வாரத்துப் புதன்கிழமை, என் முறை வந்தபோது இதையே எடுத்துச் சொன்னேன். எமக்கு நேர்ந்த அநீதியாகச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வகுப்பெடுப்பவனைப்போல் சொன்னேன்.

“உடல் என்ன உணர்ந்தது?” என்றார் அம்மையார்.

“சினம்.”

“அது விளக்கைக் காணாத நாளில். நான் கேட்பது தரிப்பிடத்தில்.”

கண்ணை மூடினேன். மழை, முக்காடு, நெடிய உருவம். அடிவயிறு இறுகியது நினைவுக்கு வந்தது. ஒன்றைச் சொல்ல வேண்டும்: அவர் கையில் இருந்ததை நான் பார்க்கும் முன்பே அது இறுகிவிட்டது.

“கண் எதைப் பெற்றது?”

“விளக்கை.”

“விளக்கின் எந்தப் பகுதியை?”

வாயைத் திறந்தேன். அடித்தட்டை என்று சொல்ல முயன்றேன். தண்டை, முகத்தை, உச்சியிலுள்ள அன்னத்தை. ஒன்றும் வரவில்லை.

“போர்வையை,” என்றேன்.

இருப்புப்பாதைத் தொழிலாளி மெல்லச் சொன்னார்: “முருங்கைக்காய், நண்பரே.”

வெட்கம் வந்தது, ஆனால் முதலில் வந்தது வெட்கமன்று, கிளர்ச்சி. நாற்பதாண்டாய்த் தேடிப் பிடித்த இடைச்செருகல்கள் அனைத்திலும் பெரிய ஒன்றை இப்போதுதான் கண்டுபிடித்திருந்தேன். செருகியவன் நான். செருகப்பட்ட சுவடி உயிருள்ள ஒரு மனிதர். நான் வெறுத்த அந்த இழிசொல் செய்யக்கூடிய வேலை அனைத்தையும் என் தூய நடை அதைவிட நேர்த்தியாகச் செய்து முடித்திருந்தது.

பேருந்துக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வீடுவரை நடந்தேன். கால்கள் ஓடின என்றுகூடச் சொல்லலாம். உள்ளே நுழைந்ததும் சப்பாத்தோடு சமையலறைக்குப் போனேன்.

“நான் விளக்கைக் காணேல்லை!”

“அதுதான் காணாமல் போட்டுதே,” என்றாள் மனைவி, வெங்காயத்திலிருந்து கண்ணெடுக்காமல்.

“இல்லையப்பா. அந்தாள் கொண்டுபோனதைக் காணேல்லை. போர்வையைத்தான் கண்டனான்.”

அவள் கத்தியை வைத்தாள். “பிரஷருக்குச் சும்மா இருக்கச் சொன்னா, நீங்கள் புதுப் பிரச்சினை கொண்டு வாறியள்,” என்றாள். பிறகு, “அப்ப அந்த மனிசன்ர வேலை?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியைச் செயலாளரிடம் எடுத்துச் சென்றேன். அவர் அரிசி மூட்டைகளுக்கிடையே நின்றபடி தலையில் கை வைத்தார்.

“ஐயா, இப்ப போய் மாத்திச் சொன்னா எங்களைப் பொய்யர் எண்டெல்லோ நினைப்பாங்கள்? மண்டபத்தை விட்டு எழும்பச் சொன்னா இத்தனை பிள்ளையளையும் எங்க கொண்டுபோய் வைக்கிறது?”

“கண்டதை மட்டும் சொல்லுவம்.”

“அவன் எடுக்கேல்லை எண்டு உங்களுக்குத் தெரியுமே?”

“தெரியாது.”

“பேந்தென்ன?”

“எடுத்தவர் எண்டும் தெரியாதே.”

மனமில்லாமலே அவர் என்னோடு விசாரணைக்கு வந்தார்.

மண்டபத்தின் பின்னறை. குழுவினர் மூவர். காப்பாளர் கழுத்துப்பட்டி கட்டி, நேரே நிமிர்ந்து அமர்ந்திருந்தார். “வணக்கம்” இல்லை. பத்து மூச்சு எண்ணும்வரை பேசாதிருக்க இசைவு கேட்டேன். குழுத்தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். எண்ணினேன். பத்தாம் மூச்சில் எழுந்து நின்றேன்.

“என் கடிதத்தில் ஒரு வரி பொய்,” என்று தொடங்கினேன். “நான் கண்டது ஒரு போர்வை, அதனுள் நெடிய ஏதோ ஒன்று. விளக்கு என்பதை நான் சேர்த்தேன்.”

“அப்படியென்றால் அவர் எடுக்கவில்லை என்கிறீர்களா?” என்றார் குழுத்தலைவர்.

“அதை நான் அறியேன். போர்வையை அறிவேன்.”

அப்போது காப்பாளர் வாயைத் திறந்தார். “என்ன இருந்தது என்று முதல் வாரமே எழுதிக் கொடுத்தேன். பேராசிரியரின் கண் போதும் என்று யாரும் வாசிக்கவில்லை போலும்.” அறையின் மூலையைக் காட்டினார். அங்கே நெடிய காலுடைய மின்விசிறி ஒன்று நின்றது. “இதுதான். பழுதாகியிருந்தது. வீட்டுக்குக் கொண்டுபோய்த் திருத்தித் திங்கட்கிழமையே வைத்துவிட்டேன். மழை என்பதால் போர்வை.”

விளக்கைக் காணோம் என்று அலுமாரியைத் திறந்த சனிக்கிழமையும் அது அங்கேதான் நின்றிருக்க வேண்டும். அதன் அருகில்தான் நான் கோபத்தோடு நின்றேன்.

“எதனால் விளக்கு என்று நினைத்தீர்கள்?” என்று குழுத்தலைவர் கேட்டார்.

“மழை,” என்றேன். “கண்ணாடியில் நீர்த்துளி.”

காப்பாளர் என்னைப் பார்த்தார். குழு அவரை அன்றே வேலையில் மீண்டும் அமர்த்தியது. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் தலையை ஒருமுறை அசைத்துவிட்டு, நாற்காலிகளை மடிக்கப் போய்விட்டார்.

ஆறு நாள் கழித்து, புதன்கிழமை அமர்வுக்குப் போய்த் திரும்பிய நண்பகலில் தொலைபேசி ஒலித்தது. ஈஸ்ட் ஹாமில் வசிக்கும் மாணவி ஒருத்தியின் தாய்.

“ஐயா, நேற்றோட எங்களுக்குத் துடக்குக் கழிஞ்சுது. இனி அந்தக் குத்துவிளக்கைக் கொண்டுவரட்டே?”

நான் நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தேன்.

நடந்தது இது. கலைமகளுக்கு எடுக்கும் வாணி விழாவுக்குமுன் தாய்மாரில் ஒருவர் விளக்கைக் கொண்டுபோய்ப் புளியிட்டு மினுக்கிக் கொண்டுவருவது வழக்கம். இவர் வழமைக்கு முந்தியே, அதே சனிக்கிழமை நண்பகலில் எடுத்துப் போயிருக்கிறார். மறுநாள் ஊரிலிருந்து மாமனாரின் சாவுச் செய்தி வந்தது. ஈழத்தில் போர் முடிந்த அவ்வாண்டில் எங்கள் வீடுகளுக்கு அத்தகைய செய்திகள் ஓயவில்லை. முப்பத்தொரு நாள் சாவுத்தீட்டு, எங்கள் வழக்கில் துடக்கு. துடக்கு வீட்டார் மங்கல விளக்கைத் தொடமாட்டார்கள், பிள்ளையைப் பள்ளிக்கும் அனுப்பவில்லை. செய்தித்தாளில் சுற்றிய விளக்கு மாடிப்படியின் கீழ் அப்படியே நின்றிருக்கிறது. நானும் மனைவியும் துக்கம் விசாரிக்க அவ்வீட்டுக்குப் போயிருந்தோம். அந்தப் படியின் கீழ்தான் சப்பாத்துகளைக் கழற்றி வைத்தோம். சாவீட்டில் பள்ளிக்கூடக் கதை கதைக்கக்கூடாது என்பதால் விளக்குக் காணாமற்போன பேச்சை நாங்களும் எடுக்கவில்லை, அவர்களும் விளக்கைப்பற்றி வாய்திறக்கவில்லை. எல்லாரும் மரபைக் காத்தோம். ஒருவர் வேலை போக இருந்தது.

அன்றே மண்டபத்துக்கு விரைந்தேன். காப்பாளர் ஏணியில் நின்று மின்குமிழ் மாற்றிக்கொண்டிருந்தார். கீழே நின்று முழுக்கதையையும் மூச்சுவிடாமல் சொன்னேன். வாணி விழாவில் முதல் திரியை அவரே ஏற்றவேண்டும் என்றும் வேண்டினேன்.

அவர் மெல்ல இறங்கினார். “ஆக, யாராவது ஒருவர் அந்த அம்மாவைக் கேட்டிருந்தால் போதும்.”

“ஆம்.”

“விளக்கு ஏற்றுவதெல்லாம் எனக்கு வேண்டாம். சனிக்கிழமை உங்கள் தாய்மார் என்னைக் கண்டதும் கைப்பையை மடிக்கு இழுத்தார்கள். நான் திருடன் என்று அவர்களிடம் எந்த மொழியில் சொன்னீர்கள்?”

“தமிழில்.”

“அப்படியானால் தமிழிலேயே திருப்பிச் சொல்லுங்கள். மழையை விட்டுவிட்டு.”

மழையை விட்டுவிட்டு. அவர் அதைக் கவனித்திருந்தார்.

இலண்டனில் வாணி விழா நாட்காட்டி சொல்லும் நாளில் வருவதில்லை, மண்டபம் கிடைக்கும் சனிக்கிழமையில் வரும். அவ்வாண்டு ஐப்பசியில் வந்தது. பட்டுச்சேலைகளால் மண்டபம் நிறைந்து வெம்மை ஏறியிருந்தது. விளக்கு புளியின் ஒளியோடு மேடையில் நின்றது. செயலாளர் என் காதருகே குனிந்தார்.

“ஐயா, விளக்குத்தான் கிடைச்சிட்டுதே. அதோட விடுவம். நல்ல நாளும் பெருநாளுமா உந்தக் கதை வேண்டாம்.”

“விளக்குக் கிடைச்சது அந்தாளின்ர அதிட்டம் தம்பி. கிடைக்காமல் விட்டிருந்தாலும் நான் இதைச் சொல்லத்தான் வேணும்.”

அவர் பெருமூச்சு விட்டு ஒலிவாங்கியை என்னிடம் நீட்டினார்.

வழக்கமாக நான் முக்கால் மணி நேரம் பேசுவேன். அன்று மூன்று கேள்விகளை மட்டும் வைத்துக்கொண்டேன். மின்விசிறியைச் சொன்னேன், கடிதத்தைச் சொன்னேன், படியின் கீழிருந்த விளக்கை அந்த வீட்டாரின் மனம் நோகாதபடி சொன்னேன். பின்வரிசையில் கதவருகே காப்பாளர் கைகட்டி நிற்பது தெரிந்தது. மொழி புரியாதவர், முகங்களைப் படித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மூச்சை ஒருமுறை உள்ளிழுத்து, குழுவிடம் மறைத்ததைச் சொன்னேன்:

“மழையினால் நான் தவறாகக் காணவில்லை. வெள்ளையர் ஒருவர் அதே போர்வையைத் தூக்கிச் சென்றிருந்தால், பாவம் நனைகிறாரே என்று எண்ணியிருப்பேன். இவர் கறுப்பர் என்பதால் என் வயிறு முதலில் இறுகியது, மனம் பிறகு விளக்கைச் செய்து அவர் கையில் கொடுத்தது. நான் உங்களிடம் சொன்னது பொய். அவர் எதையும் எடுக்கவில்லை. அவரைக் காணும்போது உங்கள் கை எங்கே போகிறது என்று ஒரு மூச்சளவு பாருங்கள். நானும் பார்க்கிறேன்.”

முன்வரிசைத் தாய் ஒருவர் மடியிலிருந்த கைப்பையைக் குனிந்து நாற்காலியின் கீழே வைத்தார். பின்னால் மெல்லத் தலைகள் கதவுப்பக்கம் திரும்பின. காப்பாளர் கட்டிய கையை அவிழ்த்தார்.

கீழே இறங்கி அவரிடம் போனேன்.

“அவ்வளவுதானா?” என்றார். “சுருக்கமாக இருந்ததே.”

“மழையை விட்டுவிட்டேன்.”

“முகங்களில் தெரிந்தது,” என்றார்.

மனைவி பின்னாலேயே வந்திருந்தாள். அவரைப் பார்த்து ஆங்கிலத்தில் வணக்கம் சொல்லிவிட்டு, என்பக்கம் திரும்பினாள். “கலியாணம் முடிச்ச நாளிலயிருந்து நீங்கள் ஐஞ்சு நிமிசத்தில முடிச்ச பேச்சு இண்டைக்குத்தான். இனி ஒவ்வொரு வருசமும் ஏதும் பிழை செய்யுங்கோ.”

அவள் சொன்னதை மொழிபெயர்க்கச் சொல்லிக் காப்பாளர் கேட்டார். மொழிபெயர்த்தேன். அவர் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் ஏதோ நெளிந்தது. பிறகு பின்னறைக்குப் போய் மின்விசிறியைத் தூக்கிவந்தார், இம்முறை போர்வையில்லாமல், எல்லாரும் காண நடுவழியால். அதை மேடையருகே வைத்துச் சுழலவிட்டு, விளக்கின் திரிகளைச் சற்றுநேரம் பார்த்தார். சுடர் அசைவதைக் கண்டு விசிறியின் முகத்தைப் பிள்ளைகள் பக்கமாகத் திருப்பி வைத்தார்.